கணக்கப்பிள்ளையும் காணிக்கைப் பணமும்

கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் ஒரு கோயிலையும் அதனைச் சார்ந்த குடும்பங்களையும் ஒருங்கே சேர்த்துப் ‘பங்கு’ என்று வழங்குவர். பங்குக் குரு, பங்கு மக்கள், பங்குத் திருவிழா என்பன நம் நாட்டுத் தமிழ்க் கத்தோலிக்கர் நாவில் நாள்தோறும் பயிலும் சொற்கள். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொற்கள் கிரேக்கத்திலிருந்து பிறந்தவை; ‘அயலில் தங்கி வாழ்தல்’ என்னும் கருத்துடையவை. தமிழ்ச்சொல்லோ வேறொன்றை நினைவூட்டுகிறது. பங்கு என்றால் கூறு. ஒருவனுக்கு வரவேண்டியதும் பங்கு, அவன் கொடுக்க வேண்டியதும் பங்கு. பழைய தலைமுறையினர் ‘விசாரணை’ என்றும் கூறுவர். விசாரணைக் குரு என்றால் மக்களின் நலன் தீங்குகளை விசாரிப்பவர் என்பது பொருள்.

இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னொரு சொல் ‘உக்கிராணக்காரன்’. உக்கிராணம் என்பது பண்டசாலை. எசமானுடைய பண்டசாலைத் திறவுகோலை வைத்திருப்பவன், அளந்து கொடுப்பவன், கேட்கும்பொழுது கணக்கு ஒப்புவிப்பவன் உக்கிராணக்காரன். விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இச்சொல் வருகிறது. பிற்கால மொழிபெயர்ப்பு ‘வீட்டுப் பொறுப்பாளர்’ என்கிறது. மனிதன் பெற்றுள்ள பொருளும் காலமும் திறமையும் அவனுக்கே உரியவை அல்ல, இறைவன் ஒப்படைத்தவை. ஆதலின் நன்றியுணர்வோடு அவற்றைக் காத்துப் பெருக்கிப் பிறர்க்குப் பகிர்ந்து, இறுதியில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது கிறிஸ்தவக் கொள்கை. 1992-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் இப்பொருள் பற்றியே ஒரு சுற்றுமடல் வெளியிட்டனர். அதன்பின் பல நாட்டுப் பங்குகளில் இது பெரும் பேச்சாயிற்று.

பேச்சு புதிது, பொருள் பழையது. கிறிஸ்தவ சபையின் கருவூலங்களையும் மாதா கோயில்களின் பொன் தேர்களையும் பற்றி எழுதியவர் பலர். ஏழை மக்கள் கொடுத்த காசு எங்கே போயிற்று, யார் கணக்கு வைத்தார், யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டு எழுதியவர் சிலரே. தமிழகத்து முத்துக்குளித்துறையின் பதினாறாம் நூற்றாண்டு வரலாறு இக்கேள்விக்கு ஓரளவு விடை தருகிறது. அவ்விடையில் கத்தோலிக்கர் அல்லாத தமிழருக்கும் உரிய செய்தி ஒன்று உண்டு. தமிழில் அச்சேறிய முதல் நூல்களின் கதை அதனுள் அடங்கியிருக்கிறது.

முத்தும் வரியும்

வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு முதலிய கடற்றுறைகள் நிறைந்த கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். பரதவர் அங்கே தொன்றுதொட்டு வாழ்பவர், மீன் பிடிப்பவர், மன்னார் வளைகுடாவில் மூழ்கி முத்தும் சங்கும் எடுப்பவர். கடலுக்குள் மூச்சடக்கி இறங்குபவன் பரதவன். அவன் எடுத்த முத்தினால் செல்வம் அடைந்தவர் பெரும்பாலும் வேறு மக்கள். வணிகரும், உள்நாட்டு அரசரும், கடலில் வலிமை பெற்றவரும் மாறி மாறிப் பங்கு கேட்டனர். வணிகப் பகை முற்றிக் கலகமான காலத்தில் பரதவர் போர்த்துகீசியரின் துணையை நாடினர். 1535-ஆம் ஆண்டு தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அவர்கள் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றனர்.

இம்மனமாற்றம் முழுவதும் ஞானத்தால் விளைந்தது என்று சொல்லுவதும், முழுவதும் அரசியல் என்று தள்ளுவதும் வரலாற்றுக்குப் பொருந்தா. பாதுகாப்பு வேண்டித்தான் வந்தார்கள். ஆனால் அப்பாதுகாப்பு தளர்ந்து போன பின்னும் சமயத்தை விட்டு நீங்கவில்லை. இதனைப் பின்னர்க் காண்போம். ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று: பாதுகாப்பு இலவசமாகக் கிடைக்கவில்லை. பழைய வரி போய்ப் புதிய வரி வந்தது. கொச்சியிலும் கோவாவிலும் இருந்த அதிகாரிகளுக்கு முத்துக்குளித்துறை ஒரு வருவாய்த் துறை. திருமுழுக்குக் கொடுத்தவர்கள் திரும்பிச் சென்றபின், செபம் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லாமல் அம்மக்கள் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கிடந்தனர்.

கையில் மணியுடன் ஒருவர்

1542-ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் வந்து இறங்கிய பிரான்சிஸ் சவேரியார் அவ்வாண்டின் பிற்பகுதியில் இக்கரைக்கு வந்தார். சேசு சபையைத் தோற்றுவித்த முதல் தோழர்களில் ஒருவர். பாரிஸில் பயின்றவர். தமிழ் ஒரு சொல்லும் அறியார். இரு மொழியும் அறிந்த உள்ளூர் மக்கள் சிலரைக் கூட்டி, பல நாள் உழைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் முதலியவற்றைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணி ஒன்றை ஏந்தித் தெருத்தெருவாக அடித்துச் சென்று சிறுவரையும் பெரியவரையும் கூட்டினார். ஒவ்வோர் ஊரிலும் செபங்களின் படி ஒன்றை விட்டுச் சென்றார்; எழுதத் தெரிந்தவர் அதைப் படியெடுத்துக் கொண்டனர். சிறுவர் கற்று வந்து தாய் தந்தையர்க்குச் சொல்லிக் கொடுத்தனர். 1544-ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய நீண்ட கடிதம் இவற்றையெல்லாம் கூறுகிறது.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1545-இல், அவர் நம் மலாக்காவில் வந்து இறங்கியபோதும் இதே முறையைக் கையாண்டார். அங்கே செபங்களை மலாய் மொழியில் ஆக்க முயன்றார். முத்துக்குளித்துறையில் கற்ற பாடம் மலாக்காவிலும் உதவிற்று என்க.

ஒருவரால் எத்தனை ஊர்களில் இருக்க முடியும்? ஆதலின் ஒவ்வோர் ஊரிலும் பொறுப்பாளர் ஒருவரை அவர் அமர்த்தினார். அவர் மக்களைக் கூட்டிச் செபம் சொல்விப்பார். சாகும் நிலையிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பார். பிறப்பையும் திருமணத்தையும் கவனித்து வைப்பார். திருமணத்துக்குத் தடை உண்டானால் குருவானவருக்கு அறிவிப்பார். இவர்களைக் குறிக்கப் போர்த்துகீசிய ஏடுகளில் ‘கனகாப்பொலே’ போன்ற ஒரு விந்தையான சொல் வருகிறது. ஐரோப்பிய நாவில் உருமாறிய அச்சொல் வேறொன்றும் அன்று, நம் ‘கணக்கப்பிள்ளை’யே!

ஊர்க் கணக்கு எழுதுபவன் கணக்கப்பிள்ளை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அப்பெயர் நெடுங்காலம் நிலைத்திருந்தது. நம் ரப்பர்த் தோட்டங்களில் அவ்வேலையைச் செய்தவரைக் கிராணி என்றோம். கோயிற் பணிக்கு இப்பெயர் வந்த காரணம் தெளிவு. எழுத்தறிந்தவன் அவனே, ஏடு வைத்திருப்பவன் அவனே. பிற்காலத்தில் ‘உபதேசியார்’ என்னும் பெயர் அதனோடு சேர்ந்து வழங்கியது. உபதேசம் செய்பவரும் கணக்கு வைப்பவரும் ஒருவராயிருந்தது தற்செயலே ஆகலாம். ஆயினும் உக்கிராணக்காரன் என்னும் விவிலியச் சொல்லுக்குத் தமிழ் மண்ணில் இதைவிடப் பொருத்தமான உருவம் கிடைத்திருக்க முடியாது என்பது என் கருத்து.

அரசியின் செருப்புக் காசு

கணக்கப்பிள்ளைக்கும் வயிறு உண்டு, குடும்பம் உண்டு. அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

போர்த்துகல் நாட்டில் அரசியின் பாதணிச் செலவுக்கென்று தனி வருவாய் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. மூன்றாம் யோவான் மன்னனின் தேவியான கத்தரீனாளுக்கு அவ்வகையில் ஒதுக்கப்பட்ட வருவாய்களுள் ஒன்று முத்துக்குளித்துறையிலிருந்து சென்றது. ஆண்டுக்கு 4,000 பணம். ‘பணம்’ என்பது அக்காலத்தில் இன்றுபோல் பொதுச்சொல் அன்று. சிறு பொன் நாணயம் ஒன்றின் பெயர். கடலடியில் மூச்சு முட்ட மூழ்கி எழுந்தவனுடைய உழைப்பின் ஒரு கூறு, அவன் கண்டறியாத தொலைதூரத்து அரண்மனையில் ஒரு மாதரசியின் செருப்புக்காகச் சென்று கொண்டிருந்தது!

இக்காசைக் கணக்கப்பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் சம்பளமாகத் தரவேண்டும் என்று சவேரியார் கேட்டார். ஆளுநர் மார்த்தீம் அபோன்சோ தெ சோசா இணங்கினார். முன்னே கூறிய 1544-ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே இந்த 4,000 பொற்பணம் கற்பிப்போருக்கு மட்டுமே செலவாக வேண்டும் என்ற ஏற்பாடு குறிக்கப்பட்டுள்ளது. அரசிக்கும் அவர் எழுதினார் என்றும், விண்ணகம் ஏறுவதற்கு இக்கரைக் குழந்தைகளைவிட நல்ல பாதணி அரசிக்குக் கிடைக்காது என்ற கருத்தை அதில் நயமாகச் சொன்னார் என்றும் பழைய வரலாற்றாசிரியர்கள் கூறுவர்.

இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அரசியின் தாராளத்தைப் புகழ்ந்து முடிப்பார்கள். அரசியைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் அக்காசு யாருடையது? முத்துக் குளித்தவனுடையது. அரசி கொடுத்தது அவனிடமிருந்து வந்ததையே. சவேரியார் செய்தது நன்கொடை திரட்டியது அன்று. எடுத்த இடத்துக்கே ஒரு பங்கைத் திருப்பியது. வரியாகப் போனது கல்வியாக மீண்டது. நன்றி சொல்ல வேண்டியவர் யார், நன்றி பெற வேண்டியவர் யார் என்பதை நாம் கொஞ்சம் நிதானித்து எண்ண வேண்டும்.

சவேரியாரையும் குறையின்றிப் புகழ்தல் ஆகாது. அதே 1544-இல் அவர் தம் உதவியாளர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில், சாராயம் குடிக்கும் பெண்களைப் பிடித்துக் கொடுக்கும் காவலனுக்குத் தலைக்கு ஒரு பணம் கொடுக்கச் சொல்கிறார். பிடிபட்டவரை மூன்று நாள் சிறையில் வைக்கச் சொல்கிறார். அன்பும் தண்டமும் ஒரே கையில் இருந்த காலம் அது. ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளின் துணையின்றி இவை ஒன்றும் நடந்திருக்க முடியாது.

மணப்பாட்டுக் கட்டளை

1548-ஆம் ஆண்டு பிப்பிரவரி மாதம் சவேரியார் மணப்பாட்டுக்கு மீண்டும் வந்தார். அதற்குள் வேறு குருமார் சிலர் இக்கரையில் பணிபுரியத் தொடங்கியிருந்தனர். அவர்களுக்காக அவர் விட்டுச் சென்ற கட்டளைகள் இன்றும் கிடைக்கின்றன. குழந்தைகளுக்குத் திருமுழுக்கு, சிறுவர்க்குக் கல்வி, சனிக்கிழமை பெண்களையும் ஞாயிற்றுக்கிழமை ஆண்களையும் கூட்டிப் போதித்தல், நோயாளிகளைச் சென்று காணுதல், பகைத்தவரை ஒன்று சேர்த்தல் என்று அது செல்கிறது. அதனிடையே ஒரு விதி. அந்நாட்களில் ஆணும் பெண்ணும் கோயிலில் இடும் காணிக்கையும், நோயுற்றபோது நேர்ந்துகொண்ட காணிக்கையும் முழுவதும் ஏழைகளுக்கே பங்கிடப்பட வேண்டும். குருமார் தங்களுக்கென அதில் ஒன்றும் எடுத்தல் ஆகாது.

எளிய விதிதான். ஆனால் அதன் நுட்பம் கருதற்பாலது. நேர்ச்சை என்பது நன்றியின் காசு. பிள்ளை பிழைத்தது, கடலுக்குப் போனவன் கரை சேர்ந்தான், காய்ச்சல் இறங்கியது; மனம் நெகிழ்ந்து ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். அந்நேரத்தில் அவள் கணக்குக் கேட்பதில்லை. கேட்காத இடத்தில்தான் கணக்கு மிகவும் வேண்டும். சவேரியார் அதை அறிந்திருந்தார். அவள் நன்றிக்குரியவர் இறைவன். அக்காசுக்குரியவர் அடுத்த தெருவில் பட்டினி கிடப்பவர். இடையில் நிற்பவர் வெறும் உக்கிராணக்காரர்.

திருச்சபை பொதுவாக இதற்கு முன்னும் இத்தகைய விதிகளை அறியாததன்று. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே உரோமாபுரிப் பாப்பரசர்கள் கோயில் வருமானத்தை ஆயருக்கு, குருமாருக்கு, ஏழைகளுக்கு, கட்டடங்களுக்கு என நான்கு கூறிடச் சொன்னார்கள். பின்னர் ஐரோப்பாவில் நிகழ்ந்தது வேறு. 585-இல் பிரெஞ்சு நாட்டு மாக்கோன் நகரச் சங்கம் பத்தில் ஒன்று கொடாதாரைச் சபையிலிருந்து விலக்கச் சொல்லிற்று. 779-இல் சார்லமேன் மன்னன் அதனை நாட்டுச் சட்டமாகவே ஆக்கினான். காணிக்கை வரியாயிற்று, வரியைப் பெருமக்கள் குத்தகையாக அனுபவித்தனர், உழவர் வெறுத்தனர். 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி அதனை ஒழித்தபோது அழுதவர் சிலரே. இங்கிலாந்தில் அது பலவகையாக உருமாறி 1936-ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. நன்றியைக் கட்டாயமாக்கினால் நன்றியும் போகும், காசும் போகும்.

இன்றைய திருச்சபைச் சட்டம் 1983-இல் வெளிவந்தது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு ஒன்று இருந்தே தீர வேண்டும் என்கிறது அது. ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்நோக்கத்துக்கே செலவிட வேண்டும்; மக்கள் கொடுத்த பொருளுக்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. சட்டம் எழுதியவர்கள் மணப்பாட்டை நினைத்தார்களோ என்னவோ!

புன்னைக்காயல்

சவேரியார் வந்து போனவர். இருந்து உழைத்தவர் என்றிக்கே என்றிக்கஸ் அடிகள். தமிழர் ‘அண்ட்ரிக் அடிகளார்’ என்பர். 1547-இல் இக்கரைக்கு வந்தார். 1600-இல் இறக்கும் வரை ஏறத்தாழ ஐம்பத்து மூன்று ஆண்டுகள் இம்மக்களோடு கிடந்தார். தமிழை இலக்கணத்தோடு கற்ற முதல் ஐரோப்பியருள் ஒருவர். போர்த்துகீசிய மொழியில் தமிழ் இலக்கணமும் எழுதினார். யூத வழியில் வந்த குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் ஐரோப்பாவில் அவருக்குச் சில கதவுகள் அடைபட்டிருந்தன. முத்துக்குளித்துறையில் ஒரு கதவும் அடைபடவில்லை.

புன்னைக்காயலில் அவர் ஒரு மருத்துவமனை தொடங்கினார். ஊர் மக்களின் உதவிப் பணம் அதற்கு ஆதரவாக நின்றது. வெளிநாட்டு அரசன் கட்டிய மாளிகை அன்று; ஓலையும் மண்ணும் கொண்ட எளிய மனையாகவே நாம் அதனைக் கருத வேண்டும். மணப்பாட்டு விதியில் ‘ஏழைகளுக்கு’ என்று பொதுவாக நின்ற சொல், புன்னைக்காயலில் கூரையும் பாயும் மருந்துமாக வடிவு கொண்டது.

அவருடைய இன்னொரு முயற்சி நூல். செபங்களை வாயால் கற்றது போதாது, அச்சில் வேண்டும் என்று விரும்பினார். அதற்கு முன்னரே, 1554-இல், லிஸ்பன் நகரில் ஒரு சிறு நூல் தமிழ் மொழியில் அச்சாகியிருந்தது. ஆனால் எழுத்து உரோமானிய எழுத்து. வின்சந்தே தெ நசரே, ஜோர்ஜ் கர்வாலோ, தோமா தெ குருஸ் என்னும் மூன்று தமிழர் அதனை ஆக்க உழைத்தனர். தமிழ் எழுத்தில் அச்சிடுவதற்கோ எழுத்து வெட்ட வேண்டும், ஈயம் வேண்டும், தாள் வேண்டும், எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். அக்காசைக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர். 400 குருசாது திரட்டித் தந்தனர். குருசாது என்பது போர்த்துகீசியப் பொன் நாணயம்.

கோவாவில் ஜான் கொன்சால்வசும், கொல்லத்தில் ஜான் தெ பாரியாவும் எழுத்து வெட்டினர். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. பதினாறே பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. 1586-இல் ‘அடியார் வரலாறு’. புனிதர்களின் வாழ்க்கையைக் கூறும் பெருநூல். இந்திய மொழி எதிலும் அதன் சொந்த எழுத்தில் இவற்றுக்கு முன் அச்சேறிய நூல் கிடைக்கவில்லை.

சற்று எண்ணிப் பார்ப்போம். கடலுக்குப் போகும் கூட்டம். எழுத்தறிந்தவர் அதில் மிகச் சிலர். கொடுத்தவர்களுள் பெரும்பாலோர் அந்நூலைத் தம் கண்ணால் படித்திருக்க இயலாது. கணக்கப்பிள்ளை படிக்க, அவர்கள் கோயில் முற்றத்தில் அமர்ந்து கேட்டிருப்பார்கள். தனக்குப் பயன்படாததற்கு ஒருவன் கொடுப்பது எளிதன்று. அரசியின் செருப்புக்குக் கொடுத்ததும் அக்கூட்டமே. அச்சுக்குக் கொடுத்ததும் அக்கூட்டமே. முன்னது பறித்தது, பின்னது மனமுவந்து ஈந்தது. தமிழ் அச்சுக் கலையின் வரலாறு எழுதுவோர் பாதிரிமார் பெயர்களையும் எழுத்து வெட்டியவர் பெயர்களையும் தவறாமல் குறிக்கின்றனர். காசு கொடுத்த முத்துக்குளிப்போருக்கு ஒரு வரி கொடுப்பதோடு நிறுத்தி விடுகின்றனர். இது நீதி அன்று.

குருவானவர் இல்லாத பங்கு

1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். சீர்திருத்த சபையைச் சேர்ந்த பால்தேயுஸ் என்னும் போதகர் வந்து பரதவரைத் தம் பக்கம் இழுக்க முயன்றார். பயன் விளையவில்லை என்று அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். முன்னே நாம் எழுப்பிய ஐயத்துக்கு விடை இதுவே. பாதுகாத்த அரசு போய்விட்டது. புதிய அரசோ வேறு சமயத்தது. மாறினால் நயம் உண்டு. அவர்கள் மாறவில்லை.

குருவானவர் இல்லாத நாட்களில் பங்கைத் தாங்கியவர்கள் யார்? சாதித் தலைவரும், பட்டங்கட்டிகளும், உபதேசியார்களும், கணக்கப்பிள்ளைகளும். மாதாவின் நகைகளையும் திருவுருவத்தையும் ஊரே காத்தது. தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் 1713-இல் மீண்டும் எழுந்தது டச்சு ஆட்சிக் காலத்திலேயே என்பது வியப்புக்குரியது. 1806-இல் சாதித் தலைவர் முயற்சியால் பொன் தேர் ஓடிற்று. 1982-இல் அக்கோயில் பேராலயமாக உயர்த்தப்பட்டது. பொன் தேரின் பெருமையை யாவரும் அறிவர். எனக்கோ தேரைவிடப் புன்னைக்காயல் மருத்துவமனைதான் பெரிதாகத் தோன்றுகிறது. ஆயினும் நன்றியைப் பொன்னில் இழைத்துக் காண விரும்பும் மக்கள் மனத்தை இகழ்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

மக்கள் காத்ததற்கு மறுபுறமும் உண்டு. திறவுகோல் வைத்திருந்தவருக்கு அது உரிமையாகப் பட்டது. பின்னர் வந்த ஆயர்களுக்கு அது தடையாகப் பட்டது. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்குகள் எழுந்தன. கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலோ, மீனில் கோயிலுக்குரிய பங்கைத் தண்டும் உரிமையைக் குத்தகைக்கு விடும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. மணலில் வலையை இறக்குமுன் குத்தகைக்காரன் வந்து நிற்பான். சார்லமேன் காலத்துக் கதை தென்குமரியில் திரும்பவும் நடந்தது எனலாம். அதற்கு எதிர்ப்பும் எழுந்தது.

‘தம்பிரான் வணக்க’த்தின் படி ஒன்று இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. ‘அடியார் வரலாறு’ வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. இத்தகைய பழைய அச்சு நூல்களை ஐரோப்பிய நூலகங்களில் தேடித் தமிழுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் தனிநாயகம் அடிகள். கத்தோலிக்கக் குருவான அவர் 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறையை நடத்தினார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கு அவரே காரணர். அவ்வாண்டிலேயே, 1679-இல் அச்சான புரோவென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியைக் கோலாலம்பூரில் மறுபடியும் வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு, 1967-இல், சேசு சபை இராசமாணிக்கம் அடிகள் ‘அடியார் வரலாற்றை’ப் பதிப்பித்தார். அப்பதிப்பு வெளிவந்த ஊர் தூத்துக்குடி. 400 குருசாது கொடுத்த கரைக்கு நூல் திரும்பி வர 381 ஆண்டுகள் ஆயின.